மழை இல்லாத மழைநாள்

குஸ்தாவ் கைபோத் 1877இல் வரைந்த 'பாரிஸ் தெரு, மழைநாள்' என்ற தைல ஓவியத்தில் மழை இல்லை. ஒரு தாரைகூட வரையப்படவில்லை. குடைகளும், ஈரம் மின்னும் கல் பாவிய தரையும்தான் மழையைச் சொல்கின்றன. சுமார் ஏழடி உயரம், ஒன்பதடி அகலம். அந்த ஏப்ரலில் இம்ப்ரெஷனிஸ்டுகளின் மூன்றாவது கண்காட்சியில், மோனேயின் ரயில் நிலையப் படங்களும் இருந்த அதே கண்காட்சியில், இது இடம்பெற்றது. மோனேயின் நீராவியில் உருவங்கள் கரைகின்றன. கைபோத்திடம் எதுவும் கரைவதில்லை.

ஒரு விளக்குக் கம்பம் படத்தை நடுவில் பிளக்கிறது. வலப்புறம் ஒரே குடையின் கீழ் வரும் ஆணும் பெண்ணும் நம்மைப் பார்க்கவில்லை. முதுகு காட்டிப் போகிறவனின் குடை அவர்கள் குடையோடு இடிக்கப்போகிறது. இடப்புறம் விரிந்த சதுக்கத்தில், ஒருவருக்கொருவர் எட்டாத தூரத்தில் ஆட்கள். நகரத் தனிமைக்கு இதை உதாரணம் காட்டுவது வழக்கம்; தனிமை ஏதோ மனித இயல்பின் நிரந்தர சோகம் என்பதுபோல. என்னால் இதை ஏற்க முடியவில்லை. இந்தத் தனிமை கட்டப்பட்ட ஒன்று. அதற்குத் தேதி உண்டு.

இடம், சேன்-லசார் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள இன்றைய டப்ளின் சதுக்கம். 1853 முதல் 1870 வரை, மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியில், ஓஸ்மன் பழைய பாரிஸை இடித்து அகன்ற சாலைகளைப் போட்டார். வெளிச்சமும் காற்றும் சாக்கடையும் வந்தன. வாடகை ஏறியது, ஏழைகள் நகரின் ஓரங்களுக்குப் போனார்கள். கலகக்காரர்கள் தடுப்பரண் எழுப்பிய சந்துகள் பலவும் போயின. 1871 மே மாதம் பாரிஸ் கம்யூன் நசுக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் இந்நகரில் கொல்லப்பட்டார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து கைபோத் காட்டும் தெரு கழுவிவிட்டதுபோல் இருக்கிறது.

அவர் ராணுவத்துக்குப் படுக்கைகள் வழங்கிச் சேர்ந்த குடும்பச் சொத்தில் வாழ்ந்தவர். 1875இல் மரத்தரையைச் சீவும் தொழிலாளிகளை வெற்று முதுகோடு வரைந்தவரும் அவரே. சலோன் அந்தப் படத்தை நிராகரித்தது.

2014 வாக்கில் சிகாகோ கலைக்கூடத்தில் இந்த ஓவியத்தின் பழைய வார்னிஷையும் வானத்தின் மேற்பூச்சையும் அகற்றினார்கள். மங்கிய மஞ்சளுக்கு அடியில் நீலம் கலந்த வெளிச்சம் இருந்தது. ஆக, நாம் தத்துவம் பேசிய சோகத்தில் ஒரு பகுதி வார்னிஷ். மீதியை ஓஸ்மனின் தெரு தருகிறது. பின்புலத்தில், தூரத்துக் கட்டடமொன்றில் சாரம் கட்டியிருக்கிறது. ஒருவன் ஏணி சுமந்து போகிறான். தெருவைக் கட்டியவர்களுக்குப் படத்தில் கிடைத்த இடம் அவ்வளவுதான். ஆனால் கைபோத் அவனை விட்டுவிடவில்லை.