எதிரொலியும் அண்டை வீட்டுச் சாட்சியும்

இருந்த இடத்திலிருந்தே தொலைவிலுள்ள கருவியின் நலம் அறியும் வழக்கத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 792, 'எதிரொலி' கேட்கும் செய்தியையும் அதற்குரிய மறுமொழியையும் வரையறுத்தது. 1983 டிசம்பரில், அமெரிக்க இராணுவத்தின் எறிகணையியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மைக் மூஸ், வலையமைப்பில் நேர்ந்த கோளாறொன்றை ஆராய அச்செய்தியைக் கொண்டு ஒரே மாலையில் 'பிங்' நிரலை எழுதினார். சோனார் ஒலியே அப்பெயருக்கு மூலம். நிரல் இயங்குமுன் கோளாறு நீங்கிவிட்டது. நிரலோ உலகெங்கும் நிலைத்தது.

ஆயினும் பிங், 'இருக்கிறேன்' என்னும் விடையை மட்டுமே கொணரும். வந்த வழியைக் கூறாது. 1987-இல் வான் ஜேக்கப்சன் எழுதிய 'டிரேஸ்ரூட்' இடைப்பட்ட ரூட்டர்களைக் காட்டியது. ஸ்விட்சுகளோ பொட்டலத்தின் ஆயுள் எண்ணைத் தொடாமலே கடத்துபவை; ஆகவே அதற்கும் அவை புலப்படவில்லை. எந்தப் போர்ட் எதனோடு பிணைந்துள்ளது என்பதைக் கேபிளைக் கையால் பின்தொடர்ந்தே அறிய வேண்டியிருந்தது. வரைபடம் பழையதாயின் தவறான கேபிள் பிடுங்கப்படும். ஒரு கட்டடமே துண்டிக்கப்படும்.

1990களில் நிறுவனங்கள் தத்தம் கருவிகளுக்கு மட்டும் தீர்வு கண்டன. 2005-இல் ஐ.இ.இ.இ. 802.1ஏபி பொதுநெறியாக வந்தது. அதன்படி ஸ்விட்சு, வழக்கமாக 30 நொடிக்கு ஒருமுறை தன் பெயரையும் போர்ட்டையும் அண்டைக் கருவிக்கு அறிவிக்கும். அண்டைக் கருவி குறித்துக்கொள்ளும். அக்குறிப்பை, 1988-இல் தோன்றிய எஸ்.என்.எம்.பி. வழியே நாம் தொலைவிலிருந்து படிக்கலாம்.

குரல் கேட்டால் ஆள் இருப்பது தெரியும். எங்கே இருக்கிறார் என்பதற்கு அண்டை வீட்டாரின் சாட்சி வேண்டும். இது பொதுநெறியாக 22 ஆண்டுகள் ஆயின.