ஜெர்மன் வாக்கியத்தில் இறுதிவினை



நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் பிறந்தது பெருந்துறையை அடுத்த சீனாபுரம் என்பது நம் கொங்கு நாட்டார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. இலக்கணத்தோடு இத்துணைப் பழைய உறவு கொண்டாடும் இந்நாட்டு இளைஞர் சிலர், மேற்படிப்பை நாடி இன்று ஜெர்மன் மொழி பயில்கின்றனர். கோவையைச் சேர்ந்த அத்தகைய மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்து, “ஐயா, அம்மொழியில் வினைச்சொல் ஓரிடத்தில் நிற்பதில்லை. படிப்பையே விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது” என்று வருந்தினார். அவருக்குச் சொன்ன விடையை உங்களுக்கும் சொல்ல விழைகிறேன்.

முதலில் விதியைக் காண்போம். ஜெர்மன் மொழியின் முதன்மை வாக்கியத்தில் வினைமுற்று இரண்டாம் இடத்தில் நிற்கும். ‘அவன் வருகிறான் இன்று கோவைக்கு’ என்பது அவ்வமைப்பு. ‘இன்று’ என்பதை முன்னே வைத்தால், ‘இன்று வருகிறான் அவன் கோவைக்கு’ என்றாகும். வினை தன் இடத்தை விடாது. ஆனால் அதே செய்தி சார்பு வாக்கியமாகிவிட்டால், வினை கடைசிக்குச் சென்றுவிடும். ‘நான் அறிவேன், என்று அவன் இன்று கோவைக்கு வருகிறான்’ என்பது அதன் வடிவம். நம் ‘என்று’ வினைக்குப் பின்னே வரும். அதன் பணியைச் செய்யும் ‘டஸ்’ என்னும் ஜெர்மன் சொல் சார்பு வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும். மற்றபடி, ‘அவன் இன்று கோவைக்கு வருகிறான்’ என்ற பகுதி சொல்லுக்குச் சொல் தமிழாகவே இருப்பதைக் காணுங்கள்!

இவ்விதி தொன்றுதொட்டு உறுதியாக இருந்ததன்று. ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட ஜெர்மன் ஏடுகளில் சார்பு வாக்கியத்தின் வினை இறுதியிலும் வரும். அதற்கு முன்னரும் வரும். 1522ஆம் ஆண்டில் மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட புதிய ஏற்பாட்டிலும் இந்நெகிழ்ச்சி உண்டு. அரசவைகளிலும் நகர மன்றங்களிலும் ஆவணம் எழுதியோரின் நடையில் இறுதிவினை வழக்கம் வலுப்பெற்றது என்பர் அறிஞர் பலர். பின்னர் வந்த இலக்கண ஆசிரியர்கள் அதனை விதியாக வகுத்தனர். வழக்கு முன்னும் விதி பின்னுமாக வருவது எம்மொழிக்கும் பொதுவன்றோ?

எழுத்து நடையில் அவ்வழக்கம் வேரூன்றியிருந்த காலத்தில், சாக்சனி நாட்டில் 1682இல் பிறந்தவர் சீகன்பால்கு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய அவர், சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார். பத்தாண்டுகளில், 1716இல், இலத்தீன் மொழியில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. அவருக்குப் பின் வந்த கார்ல் கிரவுல் என்பார் 1856இல் திருக்குறளை ஜெர்மன் மொழியில் தந்தார். வாக்கியம் முடியும்வரை வினைக்குக் காத்திருக்கும் பழக்கம் இவ்விருவர்க்கும் தாய்மொழியிலேயே ஓரளவு வாய்த்திருந்தது. அப்பழக்கம் இல்லாத அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், 1880இல் வெளிவந்த நூலொன்றில் ஜெர்மன் வினை வந்துசேரும் தாமதத்தை நகையாடினார்.

இவ்வொற்றுமையைக் கண்டு, தமிழும் ஜெர்மனும் ஒரு குடும்பத்து மொழிகள் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். ஜெர்மன் இந்தோ-ஐரோப்பிய இனம்; தமிழ் திராவிட இனம். அயலார் இருவர் வீட்டுக்குக் கதவு ஒரே திசையில் அமைவதுண்டு. அதனால் அவர்கள் பங்காளிகள் ஆகிவிட மாட்டார்கள். பொய்யான பெருமை மொழிக்கு அணி செய்யாது.

ஆயினும் அக்கதவு நமக்குப் பயன்படும். என்னிடம் வந்த மாணவரின் இடர்ப்பாடு ஜெர்மன் மொழியில் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தின் வழியே அவர் நோக்கியதில் இருந்தது. ஆங்கிலத்தில் வினை எழுவாயை ஒட்டியே வரும். அவ்வளவுகோலால் அளந்தால் ஜெர்மன் கோணலாகத்தான் தோன்றும். “சார்பு வாக்கியம் வரும்போது மட்டும் தமிழில் எண்ணிப் பாருங்கள்” என்றேன். பத்து வாக்கியங்கள் எழுதினார்; எட்டில் வினை உரிய இடத்தில் நின்றது. மற்ற இரண்டையும் அவரே திருத்திக்கொண்டார்.

மாணவர்களே, பிறமொழி பயிலத் தாய்மொழி தடையன்று, அது முதற்படி. அப்படியில் காலூன்றி ஏறுங்கள்.