சுண்ணக்கல் இல்லாத ஊரில் சீமெந்து: ஏ.வை.எஸ். ஞானமும் திருகோணமலைத் துறைமுகமும்

சுண்ணக்கல் எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் சீமெந்துத் தொழிற்சாலை என்பது பழைய நியதி. இலங்கை அரசும் அதையே பின்பற்றியது. காங்கேசன்துறை ஆலை 1950இல் யாழ்ப்பாணத் தீபகற்பத்துச் சுண்ணக்கல்லை நம்பி எழுந்தது. புத்தளம் ஆலைக்கு அருவக்காட்டுக் கல். காலியில் அரைவை ஆலை ஒன்று இருந்தபோதிலும், அதற்கும் காங்கேசன்துறையிலிருந்தே கிளிங்கர் என்ற இடைப்பொருள் போயிற்று. இந்த நியதியை மீறிய தனியார் முயற்சி திருகோணமலையில் எப்படி வேரூன்றியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சுண்ணக்கல்லையும் களிமண்ணையும் சுழல்சூளையில் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியசில் சுட்டால் கருஞ்சாம்பல் நிறக் கட்டிகள் உருவாகும், அவையே கிளிங்கர். சிறிதளவு ஜிப்சம் சேர்த்து அதை மாவாக அரைத்தால் சீமெந்து. ஒரு தொன் கிளிங்கருக்குச் சுமார் ஒன்றரைத் தொன் சுண்ணக்கல் வேண்டும். சூட்டில் காபனீரொட்சைட்டு வெளியேறுவதால் எடை குறைகிறது. ஆகவே சூளை வேலை வெளிநாட்டிலேயே முடிந்துவிட்டால், உள்ளூரில் கல்லகழ் நிலம் தேவையில்லை. ஆழமான துறைமுகமும் மின்சாரமும் அரைவை ஆலையும் போதும்.

ஆழத்துக்குத் திருகோணமலையில் குறைவில்லை. ஆனால் 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துச் சென்றபின், அந்த ஆழத்துக்கு ஏற்ற சரக்கு வரவில்லை. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் நிலைமை மாறியது. சிங்கப்பூரின் பிறிமா நிறுவனம் கப்பலில் கோதுமையை இறக்கித் திருகோணமலையின் சீனக்குடாவில் மாவாக்கத் தொடங்கியது. துரித மகாவலித் திட்டத்தின் அணைக்கட்டுகள் சீமெந்துத் தேவையைப் பெருக்கின.

இந்த வாய்ப்பைப் பயன்படுத்தியவர் ஏ.வை.எஸ். ஞானம். இந்திய வம்சாவளித் தமிழரான அவர், கொழும்பில் செயின்ட் அந்தனிஸ் என்ற பெயரில் கட்டடப்பொருள் வியாபாரம் நடத்தியவர். பின்னர் துணி உற்பத்தியிலும் இறங்கினார். சீமெந்து அவருக்குக் கடைப் பழக்கத்தில் தெரிந்த பொருள். யப்பானின் மிட்சுயி மைனிங் கம்பனியுடன் கூட்டுச் சேர்ந்து 1982இல் டோக்கியோ சீமெந்தை நிறுவினார். திருகோணமலைத் துறைமுகத்தின் கொட்பேயில் ஆலை எழுந்துகொண்டிருந்த காலத்தில், தமிழருக்கு எதிரான 1983 யூலைக் கலவரம் வெடித்தது. கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் எரிக்கப்பட்ட தமிழர், இந்தியர் தொழிற்சாலைகளில் ஞானத்தினுடையவையும் அடங்கும். ஆனாலும் கொட்பே வேலை கைவிடப்படவில்லை. 1984இல் உற்பத்தி தொடங்கியது.

அதன்பின் போர் சூழ்ந்தது. 1990இல் காங்கேசன்துறை ஆலை நின்றுபோயிற்று. சுண்ணக்கல்லின் மேலேயே இருந்த ஆலை மூடிக்கிடக்க, கல்லே இல்லாத ஊரின் ஆலை நிலைத்தது. கடல்வழி மூலப்பொருளும் சொந்த இறங்குதுறையும் அதற்குக் கைகொடுத்தன. 2008இல் அங்கு அமைந்த 10 மெகாவாட் உயிர்த்திணிவு மின்நிலையம், விவசாயிகள் வெட்டித்தரும் கிளிரிசிடியாத் தடிகளை எரிக்கிறது. வேலிக்கு நட்ட மரம் ஆலைக்கு மின்சாரமானது.

இம்மாதிரிக்கு ஒரு பலவீனமும் உண்டு. கிளிங்கர் முழுவதையும் அந்நியச் செலாவணி கொடுத்தே வாங்கவேண்டும்; 2022இன் டொலர் தட்டுப்பாட்டில் சீமெந்து விலை எகிறியபோது நாடு இதை நன்றாகவே உணர்ந்தது.

ஞானத்தைத் தனியொருவரின் முன்னேற்றக் கதையாக மட்டும் எழுதுவது வழக்கம். கைத்தொழில் வரலாற்றில் அவருக்குரிய இடம் வேறு: படைத்தளமாகவே மதிக்கப்பட்டுவந்த துறைமுகத்தை மூலப்பொருளின் வாசலாகக் கண்டு, அதில் முதலிட்டு, கலவரத்துக்குப் பின்னும் அந்த முதலீட்டை விலக்கிக்கொள்ளாதவர். திருகோணமலையின் வளர்ச்சி பற்றிய எந்தத் திட்டமும் இந்த அனுபவத்தைப் படித்தபின்பே வரையப்படவேண்டும்.