பதினாறுக்கு அப்புறம்?

ஜனவரியில ஒரு சனிக்கிழமை, கூட வேலை பார்க்கிற அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். இங்கிலாந்து வந்து இருபது வருஷமான குடும்பம். ஒரே பையன், ஆட்டிசம் உண்டு. இந்த வருஷம் பதினாறு முடியுது. சாம்பார் ஊத்திக்கிட்டே அண்ணி கேட்டாங்க: "பதினாறு வரைக்கும் ஸ்கூல் இருக்கு. அதுக்கப்புறம் இவனுக்கு என்ன தம்பி?"

எனக்குத் தெரியல. பொட்டி தட்டுறவனுக்குத் தெரிஞ்ச ஒரே வழி, கோளாறு எங்க ஆரம்பிச்சதுன்னு பின்னாடி போய்ப் பார்க்கிறது. போனேன்.

1944 கல்விச் சட்டம் எல்லாருக்கும் இலவச இடைநிலைக் கல்வி கொடுத்ததுன்னு புகழப்படுவது. ஆனா அதே சட்டம் சில பிள்ளைகளைப் 'பள்ளிக்கூடத்தில் படிக்க இயலாதவர்கள்' என்று முத்திரை குத்தி, கல்வித்துறைக்கு வெளியே தள்ளிடுச்சு. பயிற்சி மையம், ஆஸ்பத்திரி வார்டு, இல்லன்னா வீடு. 1970-ல வந்த சட்டம்தான், 1971 ஏப்ரல் முதல், அந்த முத்திரையை அழிச்சது. பயிற்சி மையங்கள்ல மட்டும் அப்போ சுமார் 24,000 பிள்ளைகள்!

அடுத்து, மேரி வார்னாக் தலைமையிலான குழு. 1978 அறிக்கையில மூணு விஷயங்களுக்கு முதலிடம் கொடுக்கச் சொன்னாங்க: ஐந்து வயசுக்குட்பட்டவங்க, ஆசிரியர் பயிற்சி, பதினாறு தாண்டினவங்க. ஆக, அண்ணியோட கேள்வியை அப்பவே கேட்டாச்சு.

பதில்தான் வரல. 1981 சட்டம், ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன உதவி தேவைன்னு எழுதித்தர்ற 'ஸ்டேட்மென்ட்' முறையைக் கொண்டுவந்தது. ஆனா அது பள்ளிக்கூடத்தோட சமாசாரம். பள்ளியிலயே தொடர்ந்தா 19 வரை இழுக்கலாம். கல்லூரியில காலை வெச்சா காலாவதி. ரெண்டு மாட்யூலும் தனித்தனியா ஓடுது, நடுவுல டேட்டா காணாமப் போகுது. நம்ம ஆளுங்களுக்குப் பழகின பக்தான் :-)

அதைச் சரிசெஞ்சது 2014-ல வந்த குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம். ஸ்டேட்மென்ட்டுக்குப் பதிலா இ.எச்.சி. திட்டம்; தேவை இருந்தா 25 வயசு வரைக்கும், கல்லூரிக்கும் சேர்த்து. வார்னாக் சொல்லி 36 வருஷம்!

25-னதும் நிம்மதியா உட்கார்ந்துடக்கூடாது. அது உச்சவரம்பு, உத்தரவாதம் இல்ல. இனி தேவையில்லைன்னு உள்ளாட்சி முடிவு பண்ணினா நிறுத்தலாம். பல்கலைக்கழகத்துக்கு இது செல்லாது. பதினாறுல பள்ளியை விட்டுக் கல்லூரிக்குப் போறவங்களுக்கு, அடுத்து எங்கேங்கிறதை மார்ச் 31-க்குள்ள திட்டத்துல எழுதியாகணும். கட்டாயக் கல்வி வயசு முடிஞ்சதும் மேல்முறையீடு செய்யும் உரிமை பிள்ளைக்கே போயிடும். அவனால முடிவெடுக்க இயலாதுன்னா மட்டும் பெற்றோர் அவன் சார்பா நிக்கலாம்.

இதையெல்லாம் ரெண்டு பக்கமா பிரிண்ட் எடுத்துக்கிட்டு மறுபடி போனேன். பிள்ளையோட விருப்பத்தைக் கேட்டுப் பதியணும்னு சட்டமே சொல்லுதுன்னதும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் மகன் பக்கம் திரும்பி, "உனக்கு என்னப்பா படிக்கணும்?"னார்.

பையன் உள்ளே போய், மூலை மடங்கின ரயில் கால அட்டவணையை எடுத்துட்டு வந்து மேஜையில வெச்சான்.

அண்ணன் பேனாவைத் திறந்தார். கெடுவுக்கு இன்னும் நாள் இருக்கு.