அருளும் முயற்சியும்

எல்லாம் இறையருளே எனின், மனிதன் முயல்வது எதற்கு? ஜான் கால்வினின் (1509–1564) கொள்கையைக் கேட்டதும் எழும் இவ்வினாவை எங்கள் இளம்பிள்ளை நெசவாளர் ஒருவரும் என்னிடம் எழுப்பியதுண்டு.

தமிழகத்துக்கு இது பழைய வினா. பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்கிறது. குரங்குக் குட்டியோ தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. அருள் எவ்வழியது என்று தென்கலையாரும் வடகலையாரும் இவ்வுவமைகளால் வாதிட்டனர். பூனைநெறியை விளக்கியவர் பிள்ளை உலகாசிரியர். 1323-ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது, தள்ளாத வயதில், அரங்கன் திருமேனியைக் காத்து மதுரைப் பக்கம் கொண்டுசென்று, அங்கேயே அவர் உயிர்நீத்தார் என்பது வைணவ மரபு. அருளை நம்பியவர் வாளாவிருந்தாரா?

கால்வினும் மனிதனுக்கு விருப்பமே இல்லையென்று கூறினாரல்லர். கள்ளுக்கு அடிமையானவனை எவரும் வற்புறுத்துவதில்லை, விரும்பியே குடிக்கிறான். ஆயினும் அவ்விருப்பத்தை மாற்றும் வலிமை அவனிடம் இல்லை. விருப்பத்தையே புதிதாக்குவது அருள் என்பதே கால்வினின் கருத்து. மீட்படைவோரை இறைவன் முன்பே தேர்ந்தான் என்னும் பகுதி கடினமானதுதான். அதனை எளிதென்று நான் சொல்லேன். ஆனால் சோம்பலைக் கற்பித்தார் என்பது பொருந்தாப் பழி. 1559-இல், உடல் நலிந்திருந்த நிலையிலும், ஜெனிவா நகரில் அவர் கல்விக்கழகம் ஒன்றை நிறுவினார். இறுதி நாட்களில் நாற்காலியில் சுமந்துவரப்பட்டே கோயிலுக்கு வந்தார்.