விமானியின் பறப்புப் பதிவேடு

பறப்புப் பதிவேடு என்பது ஒரு விமானி தாம் மேற்கொண்ட பறப்புகள் அனைத்தையும் நாள், வானூர்தி, வழித்தடம், நேரம், வகித்த பொறுப்பு ஆகிய விவரங்களுடன் குறித்து வைக்கும் சொந்த ஏடு ஆகும். பேச்சு வழக்கில் இது "லாக் புக்" எனப்படுகிறது. வானூர்திக்கும் அதன் எஞ்சினுக்கும் பேணப்படும் பதிவேடுகள் இதனின்று வேறானவை. உரிமம் பெறவும், அதைப் புதுப்பிக்கவும், வேலைக்கு விண்ணப்பிக்கவும் விமானி காட்டக்கூடிய முதன்மைச் சான்று இதுவே.

சட்டநிலை

இந்தியாவில் 1937 ஆம் ஆண்டு வானூர்தி விதிகளின் 67ஏ விதி, விமானிகள் பதிவேடு பேணுவதைக் கட்டாயமாக்கியது. இவ்விதிகள் 1934 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்டவை. அச்சட்டத்தின் இடத்தில் 2025 சனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதினியம், 2024 நடைமுறைக்கு வந்தபோது, பழைய விதிகள் புதிய சட்டத்தின் காப்புப் பிரிவின்படி தொடர்ந்தன. 67ஏ விதியின்படி பதிவுகள் மையால் எழுதப்படவேண்டும். பயிற்சிப் பறப்புகளில் என்ன கற்பிக்கப்பட்டது என்பதைப் பயிற்றுநர் குறிக்கவேண்டும். கடைசிப் பதிவிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் ஏட்டைப் பாதுகாக்கவேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் விதி சற்றுத் தளர்வானது. உரிமத்துக்கும் அண்மைக்கால அனுபவத்துக்கும் தேவையான மணிகளைக் குறித்தால் அங்கு போதும்.

மணிகளின் மதிப்பு

வணிக விமானி உரிமத்துக்கு இந்திய விதிகள் 200 மணி நேரப் பறப்பைக் கோருகின்றன. அதில் 100 மணி தலைமை விமானியாகவும், அதற்குள் 20 மணி ஊர்விட்டு ஊர் செல்லும் பறப்பாகவும் இருத்தல் வேண்டும். இந்த 20 மணிக்குள் குறைந்தது 300 கடல்மைல் கொண்ட ஒரு பயணம் அமைந்து, இடையில் இரு வேறு நிலையங்களில் முழுமையாகத் தரையிறங்கவேண்டும்.

எடுத்துக்காட்டாக, திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுச்சேரிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 97 கடல்மைல். வெள்ளாற்றைக் கடந்து, நெய்வேலிச் சுரங்கங்களின் அருகே, புவனகிரியை வலப்புறம் தொலைவில் விட்டுச் செல்லும் வழி இது. சென்று திரும்பினாலும் 200 கடல்மைல் வராது. புதுச்சேரியிலிருந்து மதுரை சென்று திருச்சிராப்பள்ளி திரும்பினால் 320 கடல்மைலைத் தாண்டும். ஆனால் மதுரையில் இறங்கியது ஏட்டில் தெளிவாக இல்லையெனில், பறந்தது உண்மையாயினும் அப்பயணம் கணக்கில் சேராமல் போகலாம்.

இரு விமானிகள் ஒரே பயணத்தைப் பகிர்ந்தால் அவரவர் ஓட்டிய பகுதியே அவரவர் ஏட்டில் இடம்பெறும். 1932 அக்டோபர் 15 அன்று தொடங்கிய முதல் டாட்டா அஞ்சல் சேவையில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் வரை ஜே. ஆர். டி. டாட்டா ஓட்டினார், அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னை வரை நெவில் வின்சென்ட் ஓட்டினார். அஞ்சலுக்கு அது ஒரே பயணம். பதிவேட்டு முறைப்படி இருவருக்கும் வெவ்வேறு பறப்புகள்.

நேரக் கணக்கு

புதியவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் இது. பறப்பு நேரம் என்பது வானில் இருந்த நேரம் மட்டுமன்று. மேலெழும் நோக்குடன் வானூர்தி தன் விசையால் நகரத் தொடங்கிய கணம் முதல், பறப்பு முடிந்து ஓய்வுக்கு வரும் கணம் வரை கணக்கிடப்படுகிறது. 07:10 மணிக்கு நகர்ந்து, 07:22க்கு மேலெழுந்து, 08:30க்குத் தரைதொட்டு, 08:36க்கு நின்றால் பறப்பு நேரம் 1 மணி 26 நிமிடம் ஆகும்.

இதனைப் பதின்மத்தில் எழுதினால் 1.43, 1.26 அன்று. இத்தகைய நான்கு பறப்புகளின் கூட்டுத்தொகை 5 மணி 44 நிமிடம். 1.26 என நான்கு முறை கூட்டினால் 5.04 மணி, அதாவது 5 மணி 2 நிமிடமே வரும். கணினி விரிதாளில் கூட்டுவோர் கட்டத்தின் வகையை முதலில் சரிபார்ப்பது நல்லது. விரிதாள் இப்பிழையைச் சுட்டிக்காட்டாது.

ஒருங்கிணைந்த உலக நேரத்தில் குறிப்போர் இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழிக்கவேண்டும். சனவரி 1 அதிகாலை 04:45க்குத் தொடங்கும் பறப்பு, உலக நேரப்படி முந்தைய ஆண்டின் திசம்பர் 31, 23:15 ஆகும். ஏடு முழுவதும் ஒரே நேரமுறையைக் கையாளாவிடில் மாதக் கூட்டுத்தொகைகள் பொருந்தமாட்டா.

பொய்ப்பதிவு

2011 ஆம் ஆண்டு இந்தியாவில் போலிச் சான்றுகளால் உரிமம் பெற்ற விமானிகள் குறித்த விசாரணைகள் வெளிச்சத்துக்கு வந்தன. மதிப்பெண் பட்டியல் மோசடியுடன், பறக்காத மணிகளைப் பறந்ததாக எழுதிய குற்றச்சாட்டும் எழுந்தது. இராஜஸ்தானில் ஊழல் தடுப்புப் பிரிவு இதனை விசாரித்தது. விமானியின் ஏடு தனித்து நிற்பதில்லை. அதே பறப்பு வானூர்தியின் பதிவேட்டிலும், பயிற்சிப் பள்ளியின் அனுமதி ஏட்டிலும், எரிபொருள் கணக்கிலும், கட்டுப்பாட்டுக் கோபுரக் குறிப்பிலும் தடம் விட்டிருக்கவேண்டும். ஒரே வானூர்தி ஒரே நேரத்தில் இருவர் ஏட்டில் பறந்திருப்பின் ஐயம் எழுவது இயல்பே.

தெரிவும் பாதுகாப்பும்

ஏடு வாங்குவோர் அட்டையின் அழகைவிடக் கட்டங்களைப் பார்க்கவேண்டும். பகல், இரவு, ஒற்றை எஞ்சின், பல எஞ்சின், பயிற்றுநருடன், தலைமை விமானி, துணை விமானி, கருவிவழிப் பறப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி நிரல்கள் தேவை. வெளிநாட்டுப் பதிப்புகளில் இப்பகுப்பு மாறுபடும். அங்கு பயிற்சி பெற்று இந்திய உரிமத்துக்கு மாறுவோர் நூற்றுக்கணக்கான பதிவுகளை மீண்டும் பிரிக்க நேரிடும். தாள் தைத்துக் கட்டப்பட்டு, பக்க எண்ணிடப்பட்டிருத்தல் நன்று. உதிரித் தாள் கோப்பில் பக்கம் மாற்றப்படவில்லை என நிறுவுவது கடினம். பிழையை ஒரு கோட்டால் அடித்து, சரியானதை எழுதிக் கையொப்பமிடுவது வழக்கம். வெள்ளை மை பூசப்பட்ட கட்டம் தேர்வாளரின் கண்ணில் முதலில் படும்.

குடிமை வானூர்திப் போக்குவரத்து தலைமை இயக்ககம் 2021 இல் தொடங்கிய இ-ஜிசிஏ தளத்தில் மின்னணுப் பதிவேடும் உள்ளது. அதனால் தாள் ஏட்டை அலட்சியமாக வைக்கலாகாது. பயிற்றுநர்களின் அசல் கையொப்பங்கள் அதில்தான் உள்ளன. 2011 திசம்பர் 30 அன்று தானே புயலும், 2015 இறுதியில் பெருவெள்ளமும் தாக்கிய கடலூர் மாவட்டம் போன்ற கடற்கரைப் பகுதிகளில் நீர்புகா உறையும், வேறிடத்தில் ஒரு வருடிய படியும் தேவை. ஒவ்வொரு பக்கம் நிறைந்ததும் வருடிவிடுதல் எளிது.

ஏடு தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் அளித்து, பள்ளி அல்லது நிறுவனத்தின் ஆவணங்களிலிருந்து மணிகளைத் திரட்டிப் புதிய ஏட்டில் சான்றொப்பம் பெறவேண்டும். மூடப்பட்ட பள்ளியில் பயின்றவருக்கு இவ்வழியும் எளிதன்று. படி இல்லையேல், தொடக்ககால மணிகளை அவர் மெய்ப்பிக்க இயலாமற் போகலாம்.