ஒரே மேற்பரப்பு, இரு தேவைகள்: செயற்கைக்கோளில் சூரிய மின்கலமும் ஆன்டெனாவும்

1957 அக்டோபரில் விண்ணேறிய ஸ்புட்னிக்-1 மூன்றே வாரங்களில் மௌனமாயிற்று. கோள் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பேசுவதற்கான மின்சாரம் தீர்ந்துவிட்டது.

இதற்கான விடை முன்னரே பிறந்திருந்தது. 1954இல் பெல் ஆய்வகத்தின் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகியோர் சிலிக்கான் சூரிய மின்கலத்தை அறிமுகப்படுத்தினர். அதன் திறன் ஏறத்தாழ 6 விழுக்காடு. அதனைச் செயற்கைக்கோளில் பொருத்த வேண்டுமென அமெரிக்கத் தரைப்படையின் ஹான்ஸ் சீக்லர் வற்புறுத்தினார். வான்கார்டு திட்டத்தை நடத்திய கடற்படையோ, புதிய கருவியை நம்பத் தயங்கியது. முடிவில் வேதி மின்கலம், சூரிய மின்கலம் இரண்டுமே இடம்பெற்றன.

1958 மார்ச் 17 அன்று ஏவப்பட்ட வான்கார்டு-1 வெறும் 1.46 கிலோ எடையும் 16.5 செ.மீ. விட்டமும் உடைய கோளம். வேதி மின்கலத்தால் இயங்கிய 10 மில்லிவாட் அலைபரப்பி அவ்வாண்டு ஜூனுக்குள் ஓய்ந்தது. சூரிய மின்கலத்தை நம்பிய 5 மில்லிவாட் அலைபரப்பியோ 1964 மே வரை ஒலித்தது. வலிமையில் பாதியே உடையது, ஆயுளில் வென்றது.

வழக்கு தீர்ந்தது, ஆனால் புதிய சிக்கல் எழுந்தது. சிறிய கோளின் மேற்பரப்பில் ஒளிக்கு எவ்வளவு, வானலைக்கு எவ்வளவு? 1962இன் டெல்ஸ்டார்-1 தன் உடலெங்கும் 3,600 மின்கலங்களைத் தாங்கியது. ஆன்டெனாக்களுக்கென இடுப்பைச் சுற்றி ஒரு பட்டையை ஒதுக்கியது. 1975 ஏப்ரல் 19இல் ஏவப்பட்ட இந்தியாவின் ஆரியபட்டாவும் தன் 26 முகங்களுள் 24ஐச் சூரிய மின்கலங்களுக்கே அளித்தது.

பங்கீட்டிலிருந்து இணைப்புக்கு நகர்ந்தது 1990களின் சிந்தனை. நுண்செயற்கைக்கோள்களுக்காக, தட்டையான மைக்ரோஸ்டிரிப் ஆன்டெனாவின் மீதே மின்கலங்களைப் பொருத்தும் முயற்சியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஈடுபட்டனர். இவ்விணைப்பு எளிதன்று. ஆன்டெனா நிழல் விழுத்தினால் மின்சாரம் குறையும். சிலிக்கான் வானலையை உறிஞ்சினால் சமிக்ஞை நலியும்.

2017 நவம்பரில் ஏவப்பட்ட நாசாவின் இசாரா வேறொரு வழியைக் காட்டியது. விரியும் சூரியத் தகடுகளின் பின்புறத்தில் வானலையை எதிரொலிக்கும் ஆன்டெனா அச்சிடப்பட்டது. நிழலும் இல்லை, உறிஞ்சலும் இல்லை. ஆயினும் ஒருமுகம் சூரியனையும் மறுமுகம் பூமியையும் ஒருசேர நோக்குதல் சுற்றுப்பாதையின் எல்லா இடத்திலும் இயலாது. இடத்துக்கான போட்டி, திசைக்கான போட்டியாக உருமாறியது.

தொழில்நுட்ப வரலாற்றில் சிக்கல்கள் பெரும்பாலும் மறைவதில்லை, இடம் பெயர்கின்றன. ஒவ்வொரு தீர்வும் எதனை விலையாகக் கொடுத்தது என்று கேட்பதே அவ்வரலாற்றை வாசிக்கும் முறை.